முப்பத்து மூன்று பெயர்களும் ஒரு டிரைவரும்

அத்தியாயம் பதினொன்று

பாட்டியின் நோட்டைத் திறந்துவிட்டு, உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாமல் ஒரு வாரம் உங்களைக் காக்க வைத்தது என் தப்புதான். திட்டிக் கடிதம் எழுதியவர்களுக்கு நன்றி. ஒரு வாசகி, எனக்கு ஜலதோஷம் பிடிக்கட்டும் என்று வாழ்த்தியிருந்தார். பிடித்துவிட்டது.

இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாட்டி இறந்து இந்தச் சனிக்கிழமையோடு ஒரு வருடம். முப்பது வருடம் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தவள். குளிப்பாட்டுவது, தலை சீவுவது, நகம் வெட்டுவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவள்தான். சனிக்கிழமை மதியமானால் இல்லத்துச் சமையல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சமையலறையைத் தன் வசமாக்கி, ஆரஞ்சுத் தோல் போட்ட கேக் ஒன்று செய்வாள். நாலு மணி டீக்கு அந்தக் கேக்.

அவள் போனபிறகு சனிக்கிழமை டீக்கு பிஸ்கட்தான். இல்லத்தில் இருக்கும் இருபத்திரண்டு பேரில் பாதிப் பேருக்குப் பல் கிடையாது. பிஸ்கட்டை டீயில் முக்குவார்கள், அது உள்ளே விழும், பிறகு கரண்டியை விட்டுத் தேடுவார்கள். இப்படி ஒரு வருடம் ஓடியது. நினைவு நாளுக்காவது அந்தக் கேக்கைச் செய்து தரமுடியுமா என்று இல்லத்திலிருந்து கேட்டார்கள். குடும்பமும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டது.

அப்போதுதான் நோட்டைத் திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மாவு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. கடைசி வரியில்தான் வந்தது வினை. "ஓவனில் வைத்ததும் பெயர்களை ஆரம்பிக்கவும். முடிந்ததும் எடுக்கவும்."

பாட்டி கடிகாரத்தை ஒரு பொருட்டாக மதித்தவள் இல்லை. கேக்கை உள்ளே வைத்துவிட்டு ஓவன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபம் செய்வாள். ஒவ்வொருவராகச் சொல்லிக் கடவுளிடம் ஒப்படைத்து முடிக்கும்போது கேக் வெந்திருக்கும். அந்தப் பட்டியல் எதிர்ப்பக்கத்தில் பென்சிலில் இருந்தது. மொத்தம் முப்பத்து மூன்று. யாருக்கும் இயற்பெயர் கிடையாது. கடவுளுக்கு அடையாளம் தெரிந்தால் போதும் என்பது பாட்டியின் கட்சி.

இல்லத்தில் முதல் கட்டிலில் படுக்கும் தாத்தா இருந்தார். மகள் இருந்தாள், மகளின் வீட்டுக்காரர் இருந்தார், மருமகள் இருந்தாள், பேத்தி இருந்தாள், பேத்தியின் மேலதிகாரிகூட இருந்தார். காலை உடைத்துக்கொண்ட எதிர்வீட்டு நாய் இருந்தது. இல்லத்து மாடித் தண்ணீர் மோட்டார், இருபத்தேழாவது இடத்தில், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு இருந்தது.

பெற்ற மகன் மட்டும் இல்லை.

மகன், அதாவது நம் டிரைவர், ஒன்பதாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர். வியாழக்கிழமையே அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. நோட்டை மூடி வைத்தார். அன்றைக்கு முழுவதும் பஸ்ஸில் அவர் யாரையும் திட்டவில்லை. பயணிகள் பயந்துபோனார்கள்.

அவருக்குக் காரணம் தெரியும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஆலயத்தில் பிரசங்கத்தின் நடுவே அவர் தூங்கிப்போய்க் குறட்டை விட்டார். பிரசங்கியார் பேச்சை நிறுத்திவிட்டு, "அந்தச் சகோதரர் எழுந்ததும் தொடரலாம்" என்றார். கூட்டம் சிரித்தது. டிரைவர் எழுந்து வெளியே போனார், போனவர் திரும்பவே இல்லை. பாட்டி ஒரு மாதம் கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"இனிமே உனக்காக நான் கடவுள்கிட்ட ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். வேணும்னா நீயே போய்க் கேட்டுக்கோ."

அதற்கப்புறம் வீட்டில் எல்லாம் பழையபடிதான். சோறு போட்டாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், மீசையை ஒழுங்காக வெட்டச் சொன்னாள். ஆனால் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கும் பழக்கம் பாட்டிக்குக் கிடையாது. மோட்டாருக்குக் கிடைத்த இடம் தனக்குக் கிடைக்கவில்லை என்பதை டிரைவர் இரண்டு நாளாக மென்றுகொண்டிருந்தார். அம்மா தன்னை நிஜமாகவே விட்டுவிட்டாளா என்று யாரிடம் போய்க் கேட்பது?

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூவர் படை இல்லத்துச் சமையலறைக்குள் நுழைந்தது. டிரைவர், அவருடைய அக்கா, அவருடைய மகள். டிரைவரின் மனைவி கெட்டிக்காரி. "கேக் நல்லா வந்தா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமையே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அக்கா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். இந்தக் கதையில் அவளை நாம் அத்தை என்றே கூப்பிட்டு வருகிறோம். மாவைக்கூட மருந்துத் தராசில் நிறுத்து, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, மேலே 'ஒன்று', 'இரண்டு', 'மூன்று' என்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"எதுக்கு அத்தை மூணு?"

"ஒண்ணு உங்கப்பன் கெடுப்பான், ஒண்ணு நீ கெடுப்பே. மூணாவது எனக்கு."

மகளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். வானொலியில் காலையும் மாலையும் போக்குவரத்து நிலவரம் வாசிக்கிறவள். ஒரு நிமிடத்துக்குள் நகரத்தின் எல்லா நெரிசலையும் சொல்லி முடிக்கவேண்டிய வேலை. அந்த வேகம் நாக்கிலேயே தங்கிவிட்டது.

ஓவனைப் பற்றியும் சொல்லவேண்டும். அது இல்லத்திலிருக்கும் சிலரைவிட மூத்தது. திருகில் இருந்த எண்கள் தேய்ந்து போயிருந்தன. கதவுக் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது. வேகும் முன்னால் கதவைத் திறந்தால் கேக் நடுவில் அமுங்கிவிடும், தாமதித்தால் ஆரஞ்சுத் தோல் கசந்துவிடும் என்று பாட்டி நோட்டிலேயே அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள். ஆகவே குச்சி குத்திப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் கேக்கை உள்ளே வைத்தார்கள். பட்டியல் ரேடியோ கையில்.

"முதல் கட்டில் தாத்தாவுக்கு மூச்சு சீராக இருக்கட்டும், மூணாம் கட்டில் பாட்டிக்கு மகன் போன் பண்ணட்டும், சமையல்காரருக்கு முதுகுவலி குறையட்டும், அத்தைக்குக் கோபம் குறையட்டும்..."

"அப்படியா எழுதியிருக்கு?"

"நான் வாசிக்கத்தான் செய்யறேன் அத்தை. எதிர்வீட்டு நாய்க்குக் கால் சரியாகட்டும், மோட்டார் ஓடட்டும், நன்றி, வணக்கம்."

ஒன்பது நிமிடம். டிரைவர் கதவைத் திறந்தார். அச்சுக்குள் ஓரத்தில் மட்டும் கேக், நடுவில் குளம்.

"ஜெபமா இது? ரயில் வர்ற மாதிரி வருது, போயிடுது," என்றாள் அத்தை. "தள்ளு. ஒரு பேருக்கு ஒரு நிமிஷம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வேளாவேளைக்கு மருந்து குடுக்கற மாதிரி குடுக்கணும்."

இரண்டாவது கேக் உள்ளே போனது. அத்தை கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டாள். மனிதர்கள் வரைக்கும் பிரச்சினை இல்லை. நாய் வந்ததும் நின்றாள்.

"அந்த நாய் செத்து ரெண்டு வருஷம் ஆச்சே. அதுக்கு எதுக்கு ஒரு நிமிஷம்?"

"ரெசிபியில இருக்கு அத்தை. விட்டா வேகாது."

செத்த நாய்க்கும் ஒரு நிமிடம் கொடுக்கப்பட்டது. மோட்டாருக்கு வந்தபோது, "ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, மிச்சம் ஐம்பத்தைந்து வினாடிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியதை ரேடியோ கவனித்தாள். அப்பாவின் பெயர் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். தெரியாதமாதிரி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முப்பத்து மூன்று நிமிடம். கதவு திறந்தது. பொன்னிறமாகப் பொங்கி நின்ற கேக், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் மெல்ல உட்கார்ந்தது.

"பட்டியல் முழுசும் சொன்னேனே!" அத்தைக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு பேரைக்கூட விடலையே! மோட்டாரைக்கூட விடலையே!"

"யாரு அந்த அவசரக்குடுக்கை?"

வாசலில் சக்கர நாற்காலி. அதில் பெரிய டீச்சர். எண்பத்தெட்டு வயது, ஒரு காலத்தில் ஆயிரம் பிள்ளைகளை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே அடக்கிய தலைமையாசிரியை. சனிக்கிழமைகளில் பாட்டிக்குத் துணையாகச் சமையலறையில் உட்காரும் உரிமை இல்லத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. இப்போது கண் சரியாகத் தெரியாது. மூக்கு நன்றாகத் தெரியும்.

"வாசனை இன்னும் பச்சையா இருக்கு. அதுக்குள்ள எவ எடுத்தா?"

"பட்டியல் முடிஞ்சு போச்சு டீச்சர்," என்றாள் அத்தை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எப்படி முடியும்? டிரைவர் எங்க?"

டிரைவர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"நான் அதுல இல்ல டீச்சர்," என்றார். "முப்பத்து மூணு பேர் இருக்காங்க. நான் இல்ல."

"மறந்துடுவோமோன்னு பயந்தவங்களைத்தான் அவ எழுதி வச்சா," என்றார் பெரிய டீச்சர். "நெஞ்சுக்குள்ளேயே கிடந்து உறுத்தற புள்ளைய எவளாவது எழுதி வச்சுக்குவாளா?"

டிரைவர் பக்கத்திலிருந்த மாவு டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, மூடி இருந்தது.

"ஆனா டீச்சர், எனக்காக ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்னு சொன்னாளே. அவ சொன்னா சொன்னதுதான்."

"கேட்கலையே. ஒரு வார்த்தை கேட்டதில்ல. பட்டியல் முடிஞ்சதும் நாற்காலிய இன்னும் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டு, உன்னைப் பத்திப் புகார் சொல்லுவா. பூராவும் புகார்தான். பத்து நிமிஷம், பன்னெண்டு நிமிஷம். அந்த வாரம் நீ என்ன பண்ணினேங்கறதைப் பொறுத்தது. கேக்கு ஓரம் கருகி வந்தா, டிரைவர் ஏதோ பெருசா பண்ணிட்டான்னு நாங்க பேசிக்குவோம்."

பதினெட்டு வருடமாக இல்லத்து ஆட்கள் தன் நடத்தையைக் கேக்கின் நிறத்தை வைத்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள் என்பது டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷம்தான். அதை மறைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை.

அத்தை கடிகாரத்தை மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். "அப்போ நாற்பத்தஞ்சு நிமிஷத்துக்கு அலாரம் வச்சா போதுமே டீச்சர்?"

"வை. வச்சுட்டு நீயே சாப்பிடு."

அத்தை வாயை மூடிக்கொண்டாள். அவளும் ஒரு காலத்தில் பெரிய டீச்சரிடம் பெஞ்சு மேல் நின்றவள்தான்.

மூன்றாவது பொட்டலம் பிரிக்கப்பட்டது. மணி இரண்டே முக்கால். இனி தவறினால் பிஸ்கட். பட்டியலை இந்தத் தடவை அத்தையும் ரேடியோவும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அத்தை அவசரப்படுத்தவில்லை, ரேடியோ ஓடவில்லை. மூணாம் கட்டில் பாட்டி பெயர் வந்தபோது, அந்த மகன் இன்னும் போன் பண்ணவில்லை என்று பெரிய டீச்சர் சொல்ல, ரேடியோ வேண்டுதலை நிறுத்திவிட்டு அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தொடர்ந்தாள். அதுவும் ஜெபத்தில்தான் சேர்த்தி என்று பெரிய டீச்சர் தீர்ப்புச் சொன்னார்.

பட்டியல் முடிந்தது.

"இப்போ நாற்காலிய முன்னால இழு," என்றார் பெரிய டீச்சர். டிரைவர் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓவன் முன்னால் உட்கார்ந்தார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், ஸ்டியரிங் பிடிப்பதுபோல் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார்.

"பிரேக்கைப் பட்டுனு மிதிக்கறான், கடவுளே. நிக்கற கிழவிங்க ஒருத்தி மேல ஒருத்தி விழறாங்க," என்று பாட்டியின் குரலிலேயே ஆரம்பித்தார் பெரிய டீச்சர். "பிரஷர் மாத்திரைய முழுங்கற மாதிரி காட்டிட்டு ஜன்னல் வழியா வீசறான். கீழ வீட்டுப் பூந்தொட்டியில பொறுக்கினேன்."

"அடப்பாவி!" என்றாள் மருந்துக்கடைக்காரி. "நான் எண்ணி எண்ணிக் குடுத்த மாத்திரைய!"

"குறுக்கே பேசாதே. பொண்டாட்டி புதுப் புடவை கட்டினா, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராது. பஸ்ஸு கண்ணாடியை மட்டும் தினம் தொடைக்கறான், தன் மூக்குக் கண்ணாடியைத் தொடைக்க மாட்டேங்கறான். மக ரேடியோவுல பேசும்போது பஸ்ஸுல சத்தமா வச்சு எல்லாரையும் கேட்க வைக்கறான். வீட்டுக்கு வந்து அவகிட்ட, நான் கேட்கவே இல்லைங்கறான். என்ன பொய்யி, கடவுளே, என்ன பொய்யி!"

ரேடியோ அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஓவனைப் பார்த்தார்.

"கடைசியா ஒண்ணு..." என்ற பெரிய டீச்சரின் தாடை மார்பில் சாய்ந்தது. ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். இன்னொரு நிமிடமும். மெல்லிய குறட்டை கேட்டது.

"தூங்கிட்டாங்க!" அத்தை கிசுகிசுத்தாள். "இன்னும் நாலு நிமிஷமாவது வேணுமே! டேய், ஏதாவது சொல்லுடா!"

"என்ன சொல்றது?"

"ஜெபம் பண்ணு!"

"எனக்கு வராதுக்கா."

"அப்போ புகார் சொல்லு! அதுவாவது வருமில்ல? டிப்போவுல தினம் அதைத்தானே பண்றே!"

டிரைவர் தொண்டையைச் செருமினார். மேலதிகாரிகளிடம் பேசிப் பழகிய வாய், அதே வழியில் போனது.

"சார், எங்க அம்மா மேல ஒரு புகார்," என்றார். "முழங்கால் வலிக்குதுன்னு ஒருநாள் சொன்னதில்ல சார். என் பஸ்ஸுலதான் வேலைக்கு வருவா. சீட்டெல்லாம் காலியா கிடக்கும், உக்கார மாட்டா. என் சீட்டுக்குப் பின்னால கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிப்பா. ஏம்மா, உக்காரும்மான்னா, நீ ஓட்டறதைப் பார்க்கணும்டாம்பா. அந்தக் கடைசி சனிக்கிழமையும் அப்படித்தான் சார். இறங்கினா. போயிட்டு வரேன்டான்னா. சிக்னல் விழுந்துடுச்சு, நான் திரும்பிக்கூடப் பார்க்கலை."

ஓவன் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

"வாரா வாரம் பன்னெண்டு நிமிஷம் என்னைப் பத்தி உங்ககிட்டப் பேசியிருக்கா. அதுல ஒரு நிமிஷம் என்கிட்டப் பேசியிருக்கலாம்ல? பத்தொன்பது வருஷமா என்னைக் கைவிட்டுட்டான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார். பெத்தவ இப்படியா பண்ணுவா?"

அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எடு," என்றார் பெரிய டீச்சர், கண்ணைத் திறக்காமலே.

கதவு திறந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். கேக் அமுங்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்தும் அமுங்கவில்லை. அத்தை தைரியம் வந்து தொட்டுப் பார்த்தாள். அப்போதும் அமுங்கவில்லை.

நாலு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் டிரைவரே கத்தியைப் பிடித்தார். அத்தை இருபத்தைந்து துண்டுக்கு அளவு சொன்னாள், அவர் தன் இஷ்டத்துக்கு வெட்டினார். முதல் கட்டில் தாத்தா ஒரு வாய் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார். பல் இருந்தால் சீக்கிரம் முடித்திருப்பார். பிறகு, "அவ வந்துட்டுப் போன மாதிரி இருக்கு" என்றார். மூணாம் கட்டில் பாட்டி இரண்டாவது துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அத்தை, டிரைவரின் மனைவி போயிருந்த வீட்டுக்குப் போன் செய்து, "உன் வீட்டுக்காரன் செஞ்ச கேக்குடி, நல்லா வந்திருக்கு, வா" என்று தம்பி மனைவியிடம் பெருமையடித்தாள்.

"தூக்கத்துல ஒண்ணை விட்டுட்டேனே," என்றார் பெரிய டீச்சர், உதட்டிலிருந்த துகளைத் துடைத்துக்கொண்டே. "கடைசிப் புகார். சாகறதுக்கு முன்னால ரெண்டு வருஷம் வாரம் தவறாம சொன்னா. புதன்கிழமை மதியம் இவன் எங்கயோ போறான் கடவுளே, எங்கன்னு என்கிட்ட சொல்ல மாட்டேங்கறான்னு."

கத்தி பாதித் துண்டில் நின்றது.

"புதன்கிழமை உனக்கு டூட்டிதானேடா?" என்றாள் அத்தை.

"டூட்டின்னுதானேப்பா அம்மாகிட்ட சாப்பாட்டு டப்பா வாங்கிட்டுப் போறீங்க?" என்றாள் ரேடியோ.

டிரைவர் இருவரையும் பார்க்கவில்லை. "எங்க அம்மாவுக்குத் தெரியுமா?" என்று பெரிய டீச்சரைக் கேட்டார்.

"போறது தெரியும். எங்கன்னு தெரியாது. தெரியாமலேதான் போய்ச் சேர்ந்தா. பாவம், அதுல அவளுக்குக் குறைதான்."

"எங்கடா போறே?" அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இப்பவே சொல்லு. இருபத்திரண்டு பேர் சாட்சி இருக்காங்க."

"சொல்றேன்க்கா. ஆனா முதல்ல உன்கிட்ட இல்ல."

கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு டிரைவர் சமையலறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். ஓவனை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. உள்ளே வேகுவதற்கு எதுவும் இல்லை. நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"சார், நான்தான், டிரைவர்," என்று அவர் குரல் வெளியே வந்தது. "எங்க அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க. அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

அதற்கப்புறம் குரல் தணிந்துவிட்டது. அத்தை ஓசைப்படாமல் போய்க் கதவில் காதை வைத்தாள். "தப்பு அத்தை, வாங்க" என்று அவளை இழுக்கப் போன ரேடியோ, பக்கத்தில் நின்று தானும் வைத்தாள்.